மாமரத்தில் முசுறுகளைக் குடியேற்றும் முறை

யாழ்ப்பாணத்து வளவுகளில் கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்க்கத் தொடங்கியதும், முசுறு எனப்படும் செவ்வெறும்புகளின் இலைக்கூடுகளைக் கொக்கத்தடியால் இழுத்து வீழ்த்தி நெருப்பு வைப்பவர்கள் பலர். முசுற்றுக்கடியின் எரிச்சலை நினைத்தால் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பழ ஈயையும் இலை தின்னும் புழுக்களையும் இரவுபகலாக வேட்டையாடும் இந்தச் செவ்வெறும்புகளுக்கு நிகரான காவல் எந்தப் போத்தல் மருந்திலும் கிடைப்பதில்லை. தென் சீனத்தில் தோடைமரங்களைக் காக்க இவற்றின் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதை, கி.பி. 304இல் எழுதப்பட்டதாகக் கூறப்படும் நூலொன்று குறிப்பிடுகிறது.

முதலில் உயிருள்ள கூட்டை இனங்காண வேண்டும். இலைகள் பச்சையாக இருந்தால் கூட்டில் ஆள் உண்டு. காய்ந்து பழுப்பேறியவை பெரும்பாலும் கைவிடப்பட்டவை. காலை வேளையில் பொறுமையாக நின்று பார்த்தால் கூடு கட்டும் விதமும் தெரியும். வேலைக்கார எறும்புகள் ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இரண்டு இலைகளின் விளிம்புகளை இழுத்துச் சேர்க்க, வேறு சில தங்கள் குடம்பிகளை, அதாவது புழுப்பருவத்துக் குஞ்சுகளை, வாயில் பிடித்து, தறியில் நாடா ஓடுவதுபோல இங்குமங்கும் அசைத்து, அவை உமிழும் பட்டிழையால் விளிம்புகளை ஒட்டுகின்றன. தமக்கென்று கூட்டுப்புழுவுறை கட்ட வேண்டிய இழையைக் குடம்பிகள் இப்படி வீட்டுக்கே கொடுத்துவிடுகின்றன.

ஒரு குடும்பம் பல மரங்களில் பல கூடுகளாகப் பரந்திருந்தாலும் அதற்கு ராணி பொதுவாக ஒன்றுதான். ஆகவே ஒரேயொரு கூட்டை வெட்டிவந்தால் சில மாதங்களில் கூட்டம் தேய்ந்துவிடும். ஒரு மரத்திலுள்ள கூடுகளை முடிந்தவரை எல்லாம் எடுப்பதே நன்று. மாலையில், எறும்புகள் ஓரளவு அடங்கிய பின், கிளையோடு நறுக்கி உரப்பைக்குள் இறக்கி வாயைக் கட்டுங்கள். புதிய மரத்தின் கவட்டில் பையைக் கட்டி வாயைத் திறந்துவிட்டால் அவை தாமாகவே ஏறிக்கொள்ளும்.

இரண்டு குடும்பங்களை மட்டும் ஒருபோதும் கலக்கக்கூடாது. அயல் வளவிலிருந்து கொண்டுவந்த கூட்டை, ஏற்கெனவே முசுறு இருந்த அம்பலவி மாமரத்தில் நான் ஒருமுறை தொங்கவிட்டேன். மத்தியானத்துக்குள் மரத்தடி முழுவதும் ஒன்றையொன்று கவ்வியபடியே செத்துக் கிடந்தன. ஐயமிருந்தால் ஒரு மரத்து எறும்புகள் சிலவற்றைக் குச்சியில் ஏற்றி மற்ற மரத்தில் வையுங்கள். சண்டை மூண்டால் இரண்டும் வேறு குடும்பம். அத்தகைய மரங்களின் கிளைகள் முட்டாதபடி கவாத்து செய்யுங்கள். ஒரே குடும்பத்தின் மரங்களிடையே கயிறு கட்டிவிட்டால் அதுவே அவற்றுக்குப் பாலம்.

இதில் ஒரு குறையும் உண்டு. மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவை சுரக்கும் இனிப்பு நீருக்காக முசுறுகள் அவற்றையும் காப்பாற்றும். இலைகளில் கரிபடிந்ததுபோலப் பூஞ்சணம் தோன்றினால், பூச்சி மண்டிய கிளைநுனிகளை மட்டும் வெட்டி எரியுங்கள். மரம் முழுவதற்கும் மருந்தடித்தால் காவலும் போய்விடும்.

காய் பறிக்கும் நாளில் கைகால்களில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டால் எறும்புகளால் எளிதில் பற்றி ஏற முடியாது. இவற்றுக்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, அந்தக் காயத்தில் அமிலத்தைப் பீச்சுகின்றன. கடித்தால் தேய்க்காமல் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.