டிராயிங் மாற்றியது அவர்கள், அபராதம் எங்களுக்கு: பணம் திரும்பி வந்த விதம்

கோயம்புத்தூரில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தோம். தாமத அபராதம் என்று பில்லில் பெரும் தொகையைப் பிடித்தார்கள், மீதியும் வரவில்லை. ஆனால் நடுவில் டிராயிங்கை மாற்றியதே அவர்கள்தான்.

நேரில் கேட்டால், "ஆடிட் ஒத்துக்காது சார்" என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆதாரமில்லாமல் அபராதத்தைத் தள்ளுபடி செய்தால் நாளை அந்த அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். அவர் தைரியமாகக் கையெழுத்துப் போடுவதற்கான காகிதம் நம்மிடமிருந்து போக வேண்டும். திருத்திய டிராயிங்கின் மூலையில் திருத்த எண்ணும் தேதியும் இருக்கும். அதோடு, அப்போதே கால நீட்டிப்பு கேட்டு அனுப்பிய மெயில், கேட் முத்திரை விழுந்த டெலிவரி சலான் எல்லாவற்றையும் சேர்த்துக் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை.

அப்புறம் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பாக்கிப் பணம் வராதவர்கள் புகார் செய்வதற்கான மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் பதிந்தேன். ஆர்டருக்கு முன்பே உத்யம் என்ற அரசுப் பதிவில் பட்டறையைச் சிறுதொழிலாகப் பதிந்திருந்தது பெரிய பலம். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளுக்கு மேல் கெடு செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

இந்தப் புகார்களை விசாரிக்கும் கவுன்சிலில் முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால்தான் நடுவர் தீர்ப்பு. எங்களுக்குச் சமரசத்திலேயே முடிந்தது. அபராதம் ரத்து, அசல் முழுதாக வந்தது. வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தேன். அடுத்த ஆர்டருக்கும் அங்கேதானே போக வேண்டும்!