காட்டுத்தீ மாடல் சொன்னது சரிதானா? சரிபார்க்கும் முறை

காட்டுத்தீ எங்கே, எப்போது பரவும் என்று கணிக்கும் கணினி மாடலுக்கு "99 சதவீதம் துல்லியம்" என்று யாராவது வரைபடத்தை நீட்டினால் நான் முதலில் கேட்பது இதுதான்: எரியாத இடத்தையும் சேர்த்தா கணக்குப் போட்டீர்கள்?

10,000 ஹெக்டேர் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் எரிந்தது 100, எரியும் என்று மாடல் சொன்னது 80, இரண்டுக்கும் பொதுவானது 60. பிசகியது மொத்தம் 60 ஹெக்டேர்தான் என்பதால் துல்லியம் 99.4 சதவீதம் என்று வந்துவிடும். தீ அண்டாத காடெல்லாம் மாடலுக்கு மார்க் போட்டுவிடுகிறது. அதனால் இரு பரப்புகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் சோரன்சன் குறியீட்டைப் போடுங்கள். பொதுப் பரப்பை இரண்டால் பெருக்கி, இரு பரப்புகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 120-ஐ 180-ஆல் வகுத்தால் 0.67.

இதையும் அப்படியே நம்பாதீர்கள். மாடலை ஓட விட்டபோதே 40 ஹெக்டேர் எரிந்திருந்தால், அதை மாடல் கணிக்கவில்லை, நாம்தான் கொடுத்தோம். கழித்துப் பாருங்கள்: நிஜம் 60, மாடல் 40, பொது 20. குறியீடு 0.4-க்கு இறங்கிவிடும். ஆரம்பத்தில் நானும் இதைக் கழிக்காமல்தான் இருந்தேன். பழைய முடிவுகளைத் திரும்பக் கணக்கிட்ட அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. கூடவே, மாடல் தவறவிட்ட 40-ஐயும் வீணாக எரித்த 20-ஐயும் தனித்தனியாக எழுதுங்கள். தவறவிட்ட இடத்தில் வீடுகள் இருக்கலாம்.

பரப்பைவிட நேரம் முக்கியம். கலிபோர்னியாவின் 'கேம்ப் ஃபயர்' என்ற காட்டுத்தீ 2018 நவம்பர் 8 காலை ஆறரை வாக்கில் புல்கா என்ற ஊர் அருகே பிடித்தது. பலத்த காற்றில் கங்குகள் பறந்து, பெருந்தீ வந்து சேரும் முன்பே பாரடைஸ் ஊருக்குள் அங்கங்கே பற்றிக்கொண்டது. 85 பேர் இறந்தார்கள். கடைசி எல்லை அச்சாகப் பொருந்தினாலும், ஊருக்குத் தீ வந்த நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிச் சொல்லும் மாடலால் அந்த மக்களுக்கு என்ன பயன்? கங்கு பறப்பதைக் கணக்கில் எடுக்காத மாடல் இங்கே தவறத்தான் செய்யும். ஆகவே மணிவாரியாக ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும் தரவுக்கும் எல்லை உண்டு. செயற்கைக்கோளில் இருக்கும் விர்ஸ் (VIIRS) கருவி தீ என்று காட்டும் புள்ளி என்பது 375 மீட்டர் பிக்சலின் நடுப்புள்ளி. தீ அந்தப் பிக்சலுக்குள் எங்கேயும் இருக்கலாம். நூறு மீட்டர் விலகலுக்காக மாடலைக் குறை சொல்லாதீர்கள்.

பொருத்தம் மோசமாக வந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். தீ பரவும் வேகத்தைக் கணக்கிடும் ராதர்மெல்லின் 1972 சமன்பாடு கேட்பது தீச்சுவாலையின் நடு உயரத்துக் காற்று. வானிலை நிலையம் தருவதோ அதற்கு மேலே வீசும், வேகம் கூடிய காற்று. மென்பொருள் அதைக் குறைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் திருத்தம் தேவைப்பட்டால் முதல் ஆறு மணி நேரத் தரவை வைத்துத் திருத்துங்கள். மதிப்பெண்ணை அடுத்த ஆறு மணி நேரத்துக்குப் போடுங்கள்.