எழுத்தாளர் ஆர்.கே.நாராயணின் யாதவகிரி வீட்டைப் பார்ப்பது எப்படி

பெங்களூரு அல்சூரிலிருந்து பிள்ளைகளோடு கிளம்புகிறீர்களா? காலை ரயிலே நல்லது. அவருடைய ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ கதையை வழியிலேயே சொல்லிவிடுங்கள். மைசூரு ஸ்டேஷனிலிருந்து யாதவகிரி பக்கம்தான், ஆட்டோ போதும்.

ஆர்.கே.நாராயண் கட்டிய வீடு அது. இடிபட இருந்ததைக் காப்பாற்றி 2016-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். கீழே அதிக நேரம் நிற்காதீர்கள். நேராக மாடிக்குப் போங்கள். எட்டு ஜன்னல் வைத்த அறை. சாமுண்டி மலைக்காட்சி கவனத்தை இழுத்ததால் திரை போட்டு மறைத்துவிட்டு, தினம் ஆயிரம் சொல் எழுதினார். என் மகளுக்கு இதை அந்த ஜன்னலருகே நின்றே சொன்னேன். நீங்களும் அங்கேயே சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் புகைப்படங்களைப் பாருங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.