ஏரியா பையன போலீஸ் கூட்டிட்டு போயிட்டா என்ன பண்ணணும்?

18 வயசு ஆகாத பையன்னா மொதல்ல வயசு ப்ரூஃப கையில எடுங்க. ஸ்கூல் சர்டிபிகேட் இல்லேன்னா பத்தாவது மார்க் ஷீட், அதுவும் இல்லேன்னா கார்ப்பரேஷன் பர்த் சர்டிபிகேட், எதுவுமே இல்லாதப்பதான் எலும்ப பாத்து வயச கணிக்கிற டெஸ்ட். ஆதார மட்டும் நம்பாதீங்க, அத வெச்சு வயச முடிவு பண்ண முடியாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

ஸ்டேஷன்ல சத்தம் போடாம, குழந்தைகள் நல காவல் அலுவலர் யாரு சார்னு கேளுங்க. 2015 ஜேஜே ஆக்ட் (சிறார் நீதிச் சட்டம்) படி பையன லாக்கப்ல வைக்க கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள சின்ன பசங்க கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதி குழுமம் முன்னாடி நிறுத்தணும், சென்னைக்கு அது கெல்லீஸ்ல இருக்கு. வக்கீலுக்கு காசு இல்லேன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி. செல்போன் திருட்டு மாதிரி கேஸ்ல, பெரியவங்க யாரும் கூட சேராம இருந்தா எஃப்ஐஆரே தேவையில்ல, ஜெனரல் டைரில எழுதுனா போதும், இது அந்த ஆக்டுக்கு போட்ட 2016 ரூல்ஸ்லயே இருக்கு.

இப்ப ஜாமீன், எல்லாத்தையும் விட முக்கியம் இதான். எந்த கேஸா இருந்தாலும் பையன வீட்டுக்கு அனுப்புறதுதான் சட்டத்தோட மொத நினைப்பு. வெளிய விட்டா தப்பான ஆளுங்களோட சேருவான், அவனுக்கே ஆபத்து, இப்படி ஏதாவது காரணம் எழுதிதான் மறுக்க முடியும், நம்ம புள்ளைங்க மாட்டுறது அங்கதான். அமெரிக்காவுல கறுப்பின பிள்ளைங்க வெள்ளைக்கார பிள்ளைங்கள விட நாலு மடங்குக்கு மேல அடைபடுறாங்கன்னு கணக்கே இருக்கு, இங்க சென்னைல கண்ணகி நகர், வியாசர்பாடின்னு அட்ரஸ் சொன்னாலே பாக்குற பார்வை மாறிடும், அந்த அட்ரஸுக்குள்ள சாதியும் இருக்கு. அதனால வெறுங்கையோட போகாதீங்க, ஹெச்எம்கிட்ட ஒரு லெட்டர், கொஞ்ச நாள் வெளியூர்ல வெச்சு பாத்துக்கறேன்னு சொல்ற சித்தியோ மாமாவோ நேர்ல, இதெல்லாம் ரெடியா இருக்கணும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தா எதையும் மறைக்காம பேசுங்க, குழுமம் படிக்க போறது அவர் எழுதுற ரிப்போர்ட்டதான்.

தப்பு பண்ணான்னு முடிவானா கூட உள்ள போட்டே ஆகணும்னு இல்ல. கண்டிச்சு அனுப்பலாம், கவுன்சிலிங், சமூக சேவை, இல்ல அப்பா அம்மா பொறுப்புல 3 வருஷம் வரைக்கும் நன்னடத்தைல விடலாம். இத வக்கீல வெச்சு வாய் திறந்து கேளுங்க, ஏன்னா 2022 டிசம்பர் கடைசில செங்கல்பட்டுல, கேஸ்ல மாட்டுன பசங்கள வைக்கிற கூர்நோக்கு இல்லத்துல 17 வயசு பையன அடிச்சே கொன்னாங்க, அப்புறம்தான் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க.

இன்னொன்னு, பையன் போட்டோவையோ பேரையோ வாட்ஸ்ஆப் குரூப்ல போடாதீங்க, யாராவது போட்டிருந்தா உடனே எடுக்க சொல்லுங்க, அது சட்டப்படியே குத்தம்.