சிரட்டை மணலும் ஆடிக் காற்றும்: ரக்பி கோல் கிக் பழகும் முறை

ரக்பியில் பந்தைத் தரையில் நிறுத்தி, கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஆறடி உயரமோ குதிரை வேகமோ வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதைக்கத் தெரிந்தால் போதும். இதற்கு வேல்ஸ் அணியின் நீல் ஜென்கின்ஸ்தான் சாட்சி. பாண்டிப்பிரித் பக்கத்துச் சர்ச் வில்லேஜில் 1971-இல் பிறந்தவர். 19 வயதில் வேல்ஸுக்கு ஆட வந்தார். ஓட்டத்தில் அவரை மிஞ்சியவர்கள் அங்கே பலர் உண்டு. ஆனால் சர்வதேச ரக்பியில் 1000 புள்ளிகளை முதலில் தாண்டியவர் அவர்தான்: வேல்ஸுக்கு 1049, லயன்ஸ் என்கிற பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணிக்கு 41. பெரும்பகுதி காலால் எடுத்தவை.

நம் பக்கம் ரக்பிக் கம்பம் கிடையாது. ஃபுட்பால் கோல் போஸ்ட்டை வைத்தே சமாளிக்கலாம். அதன் அகலம் 7.32 மீட்டர், ரக்பிக்கு வேண்டியது 5.6 மீட்டர். ஆகவே இரண்டு பக்கமும் 86 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, 20 அடி சவுக்குக் கம்பை நட்டு, குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். தரையிலிருந்து 3 மீட்டரில் ஒரு கயிறு, பந்து அதற்கு மேலாகப் போக வேண்டும். கயிறு நடுவில் தொய்ந்தால் கட்டையாகப் போகும் உதையும் கோல் போலவே தெரியும், பழக்கம் கெட்டுவிடும். கம்பு உச்சியில் ஒரு முழம் துணி கட்டுங்கள். அது எதற்கென்று பின்னால் வருகிறது.

பந்தில் காற்று 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பிடித்தால் ஒரே மூச்சில் மிஞ்சிவிடும், கைப்பம்பே நல்லது.

பந்தை நிறுத்த பிளாஸ்டிக் டீ (பந்தைத் தாங்கும் சின்னத் தாங்கி) வாங்க வேண்டியதில்லை. மணலில் வைத்து உதைக்கலாம் என்று விதியே சொல்கிறது. பிளாஸ்டிக் டீ பரவுவதற்கு முன்பு பெரிய மைதானங்களிலும் மணல்தான். சிறு பிள்ளைகள் மணல் இட்லி சுடுவார்களே, அதே வேலை. ஈர ஆற்று மணலைச் சிரட்டையில் அமுக்கி நிரப்பி, கவிழ்த்து, மேலே இரண்டு தட்டு. உச்சியில் கட்டைவிரலால் 2 சென்டிமீட்டர் குழி. தேரி மணல் (தென்மாவட்டச் செம்மணல்) என்றால் தண்ணீர் தாராளமாகத் தெளிக்க வேண்டும். காய்ந்த தேரி மணல் பந்தின் கனத்துக்கே சரிந்துவிடும்.

பந்தின் தையல் ஒன்று உங்களைப் பார்க்க வேண்டும். உச்சி கம்பத்துப் பக்கம் லேசாகச் சாயட்டும். காற்றடைக்கும் வாய் கால் படும் இடத்தில் வேண்டாம்.

நேர் பின்னால் நான்கு எட்டு, பிறகு இடப்பக்கம் இரண்டு எட்டு. வலதுகாலால் உதைப்பவருக்கு இந்தக் கணக்கு, இடதுகாலர் மாற்றிக்கொள்ளலாம். எட்டின் நீளம் நாளுக்கு நாள் மாறக் கூடாது. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் ஓரடி தள்ளி, விரல்கள் கம்பத்தை நோக்கி. பந்தின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் புறங்காலின் கெட்டி எலும்பு பட வேண்டும். பந்து போன பிறகும் பார்வை மணலிலேயே இருக்கட்டும்.

பிசகு பெரும்பாலும் ஊன்றும் காலில்தான். பந்தை ஒட்டி ஊன்றினால் இடுப்பு திரும்ப இடமில்லாமல் பந்து வலப்பக்கம் தள்ளிப்போகும். ரொம்ப விலகி ஊன்றினால் கால் குறுக்கே வீசி, பந்து இடப்பக்கம் வளையும். பின்னால் ஊன்றினால் உயரப் போய்ப் பாதியில் விழும். விழுந்த இடத்தைத் தேடாமல் மணலருகே உங்கள் காலடித் தடத்தைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று வேறு கணக்கு. கீழே பனையோலை சும்மா இருக்கும், உச்சித் துணி படபடக்கும், துணியை நம்புங்கள். பந்து வேகம் குறையும் கடைசிக் கட்டத்தில்தான் காற்று அதிகம் தள்ளும். ஆகவே இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றுக்கு இடது கம்பத்தைக் குறிவைத்துத் தொடங்கி, தேவைக்கேற்ப குறியை வெளியே நகர்த்துங்கள். எதிர்காற்றுக்குப் பந்தை இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்த்து, தாழ்வாக அனுப்ப வேண்டும். பலத்தைக் கூட்டினால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே ஏறிக் காற்றிடம் மாட்டும்.

முதல் வாரம் நேர் எதிரே 15 மீட்டரில் மட்டும். பத்துக்கு எட்டு விழுந்த பிறகு ஓரத்துக்கு நகரலாம். ஒரு நாளைக்கு 40 உதை போதும், மிஞ்சினால் தொடையிடுக்கு பிடித்துக்கொள்ளும்.

ஆட்டத்தின் நெருக்கடிக்கும் பழக வேண்டும். ஒருவர் கடிகாரம் பார்த்து, உதைக்கக் கிடைக்கும் 60 நொடியை எண்ணட்டும், கூட்டாளிகள் கூச்சல் போடட்டும். 1999-இல் வெம்ப்ளியில் ஸ்காட் கிப்ஸ் கடைசி நேரத்தில் ட்ரை வைத்தும் (எதிரணியின் கோல் பகுதியில் பந்தைத் தரையில் அழுத்தியும்) வேல்ஸ் 30-31 என்று இங்கிலாந்துக்கு ஒரு புள்ளி பின்தங்கியே இருந்தது. ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் 2 புள்ளி உதையை ஜென்கின்ஸ் போட்டதுதான் 32-31 ஆக்கியது. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 22 புள்ளி.

காற்றில் பந்து நிற்கவே இல்லையென்றால் கூட்டாளி ஒருவர் குப்புறப் படுத்து ஒரு விரலால் உச்சியைப் பிடிக்கலாம், விதி இடம் தருகிறது. நீங்கள் ஓடத் தொடங்கிய பிறகு பந்து சாய்ந்துவிட்டால் திரும்ப நிறுத்த முடியாது. கிடந்தபடி உதைக்க வேண்டும், அல்லது எடுத்து டிராப் கிக் (கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்போதே உதைப்பது) அடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அதையும் பத்துத் தடவை பழகுங்கள்.