பழைய சோஷலிஸ்ட் ஒருவரின் அரசியல் வாழ்க்கையை எழுதுவது எப்படி

வேலூர், குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கத்தில் ‘சோஷலிஸ்ட் தாத்தா’ என்று தெருவே அழைக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒருவருடைய அரசியல் வாழ்க்கையை எழுத விரும்புகிறவர், கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்குவதற்கு முன், கட்சிப் பெயர்களை ஒரு தாளில் ஆண்டுவாரியாக எழுதிக்கொள்வது நல்லது.

காங்கிரசுக்குள் 1934-இல் தோன்றிய காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியினர் 1948-இல் வெளியேறித் தனிக் கட்சியானார்கள். முதல் பொதுத்தேர்தல் முடிந்த 1952-ஆம் ஆண்டிலேயே ஆச்சார்ய கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியோடு இணைந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சியானார்கள். 1955 இறுதியில் அவர்களின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியா தம் ஆதரவாளர்களோடு பிரிந்து போனார். 1964-இல் இரு பிரிவும் சேர்ந்து சம்யுக்த (ஒன்றுபட்ட) சோஷலிஸ்ட் கட்சி உருவானது. அடுத்த ஆண்டே ஒரு சாரார் பிரஜா சோஷலிஸ்ட் என்ற பழைய பெயருக்குத் திரும்பினர். 1971-இல் மறுபடி சேர்ந்து, 1977-இல் ஜனதா கட்சியில் கரைந்தார்கள். ஆகவே பெரியவர் நான்கைந்து கட்சிப் பெயர்களைச் சொன்னால், அவரைக் கட்சி தாவியவர் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் உட்கார்ந்த திண்ணையிலேயேதான் இருந்திருப்பார். வாசலில் தொங்கிய பலகைதான் மாறியிருக்கும்.

எந்த ஆண்டு என்று கேட்பதைவிட எந்தச் சின்னம் என்று கேளுங்கள். ஆண்டை மறந்தவர்கள்கூடச் சுவரில் தம் கையால் வரைந்த சின்னத்தை மறப்பதில்லை. குடிசை என்றால் பிரஜா சோஷலிஸ்ட். ஆலமரம் என்றால் சற்று நிதானிக்க வேண்டும். 1952-இல் சோஷலிஸ்ட் கட்சிக்கும், பின்னாளில் சம்யுக்த சோஷலிஸ்டுக்கும் அதுவே சின்னம். என் பெரியப்பாவைப் பற்றி எழுதியபோது இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு தேர்தலையே பதினைந்து ஆண்டுகள் முன்னால் தள்ளி எழுதி, அச்சான பிறகு வெட்கப்பட்டேன்.

வயதையும் ஒத்துப்பாருங்கள். அப்போது வாக்களிக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 18 ஆனது 1989-இல்தான். 1935-இல் பிறந்தவர் முதல் பொதுத்தேர்தலில் வாக்களித்திருக்க முடியாது. கொடி பிடித்து ஓடியிருக்கலாம். நெருக்கடிநிலையைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் தேவை. 1975 ஜூனில் அது அறிவிக்கப்பட்டாலும், தமிழ்நாட்டில் பெருமளவு கைதுகள் நடந்தது 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான். வேலூர் தொரப்பாடிச் சிறையில் இருந்ததாக அவர் சொன்னால், பொங்கலுக்கு வீட்டில் இருந்தீர்களா என்று கேளுங்கள். மாதம் தானே வந்து விழும்.

தேர்தலில் நின்றவராயின் தேர்தல் ஆணையத்தின் பழைய புள்ளிவிவர அறிக்கைகளில் தொகுதிவாரியாக வேட்பாளர் பெயரும் வாக்கும் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. சட்டமன்றத்துக்கு அந்நாளில் டெபாசிட் 250 ரூபாய், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு அதில் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்ப வராது. அந்தப் பணத்தை யார் கொடுத்தது என்ற ஒரே கேள்வி, ஒரு மணி நேரப் பேச்சு தராததைத் தரும். தறிக்காரர்கள் சேர்த்துக் கொடுத்தார்களா, தொழிற்சங்கத்தின் சந்தாப் பணமா, நிலத்தை அடகு வைத்தாரா என்பதில்தான் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்பது தெரியவரும்.

அடுத்து சங்க வேலை. வட ஆற்காட்டில் சோஷலிஸ்டுகளின் உண்மையான அரசியல், மேடையைவிடப் பீடிக் கடையிலும் தறிக்கூடத்திலும் இரயில் நிலையத்திலும் நடந்தது என்று நான் கருதுகிறேன். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, சரியில்லை என்று கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி உண்டா, 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தபின் என்ன மாறியது என்று கேளுங்கள். அவர் காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ இரயில்வேயில் இருந்தவராயின், 1974 மே 8 அன்று ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

கூச்சமான கேள்விகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் முதலமைச்சர் காமராஜர் நின்றபோது நீங்கள் யார் பக்கம் வேலை செய்தீர்கள், 1955-இல் ஆவடி மாநாட்டில் காங்கிரசே சோஷலிசம் பேசிய பிறகு ஏன் அங்கே போகவில்லை என்பவை அத்தகையவை.

இவை எல்லாவற்றையும் அவர் மனைவியிடமும் தனியாகக் கேட்டு ஒத்துப்பாருங்கள். பெரியப்பா தம் டெபாசிட் பணத்தைத் தோழர்கள் திரட்டித் தந்ததாகவே கடைசிவரை சொன்னார். பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “தோழர்கள் தந்தது நூறு, மீதி என் கம்மல்” என்றார். இரண்டையும் அப்படியே எழுதினேன்.