இரண்டு பிளேனார் இயர்போன்களை ஒப்பிடும் முன்

செவன்ஹெர்ட்ஸ் டைம்லெஸ், லெட்ஷூவர் எஸ்12 இரண்டும் பிளேனார் இயர்போன்கள், அதாவது தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருபவை. இரண்டில் எதை வாங்குவது என்று குழப்பமா? டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) முறையே 14.2 மி.மீ., 14.8 மி.மீ. என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேட்டுப் பாருங்கள், ஆனால் முதலில் ஒலி அளவைச் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் தெளிவானது என்று காது நம்பிவிடும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டும் ஒரே அளவில் கேட்கும் வால்யூம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டுக்கும் ஒரே வகை ரப்பர் டிப்களை மாட்டுங்கள். காதில் சரியாக அடைக்காவிட்டால் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். பாவம், பழி இயர்போன் மேல் விழும். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டின் இருபது விநாடியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றின் கேபிளை மற்றதில் மாற்றிப் போட முடியாது, இணைப்பு வகை வேறு: டைம்லெஸ்ஸில் எம்எம்சிஎக்ஸ் என்ற வட்ட இணைப்பு, எஸ்12இல் இரண்டு பின். வட்டத் தட்டு போன்ற டைம்லெஸ்ஸை அரை மணி நேரமாவது காதில் வைத்து, வசதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.